அம்மாவுக்கு 63இல் வந்தது, எனக்கும் வருமா?

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு 34 வயது, ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். அம்மாவுக்குப் போன வருடம் 63 வயதில் மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்து, ஆபரேஷன் முடிந்து இப்போது நன்றாக இருக்கிறார். அம்மாவும் அப்பாவும் மாமன் மகள், அத்தை மகன். சொந்தத்தில் கட்டியதால் எனக்கு ஆபத்து இரட்டிப்பா, மரபணுச் சோதனை செய்துகொள்ளவா, 9 வயது மகளுக்கும் பார்க்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடிவில் போகிற போக்கில் ஒரு வரி: “அப்பாவின் தங்கச்சி ஒருத்தி 38 வயசுல வயித்துல கட்டி வந்து இறந்துட்டாங்க, அது வேற விஷயம்.” எனக்கு அந்தக் கடைசி வரிதான் உறுத்துகிறது. நீங்கள் அம்மாவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். என் பதிலில் பாதி அத்தையைப் பற்றித்தான் இருக்கும்.

நான் பொது அறுவை சிகிச்சை படித்தவள். 22 வருடமாகப் பாளையங்கோட்டையில் மார்பகக் கட்டிகளைப் பார்த்து வருகிறேன். மரபணு நிபுணர் இல்லை. சந்தேகமான ரிப்போர்ட் வந்தால் நானும் அவர்களிடம்தான் கேட்பேன். உங்களையோ அம்மாவின் ரிப்போர்ட்டையோ பார்க்காமல் உங்களுக்கு இத்தனை சதவீதம் என்று சொல்ல மாட்டேன். எதைக் கவனிக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதைச் சொல்ல முடியும்.

முதலில் வயது. பெண்ணாகப் பிறந்ததற்கு அடுத்தபடி மார்பகப் புற்றுநோய்க்குப் பெரிய காரணம் வயதுதான். அமெரிக்கக் கணக்குப்படி 30 வயதுப் பெண்களில் அடுத்த 10 ஆண்டுக்குள் இந்த நோய் வருவது சுமார் 200 பேரில் ஒருவருக்கு. 60 வயதில் அதே கணக்கைப் போட்டால் சுமார் 28 பேரில் ஒருவர். ஆயுள் முழுக்க என்று பார்த்தால் அங்கே எட்டுப் பேரில் ஒருவர்; நம் நாட்டுப் பதிவேடுகளின்படி 75 வயதுக்குள் ஏறத்தாழ 29 பேரில் ஒருவர். நம் எண் சிறியது, ஆனால் வயது ஏற ஏற ஆபத்து ஏறுவது இங்கேயும் அதே மாதிரிதான். மார்பகத்தின் பால்குழாய்ச் செல்கள் பருவமடைந்த நாளிலிருந்து மாதாமாதம் ஹார்மோனுக்கு ஏற்பப் பெருகி அடங்குகின்றன. ஒவ்வொரு முறை பெருகும்போதும் டிஎன்ஏவைப் பிரதி எடுக்க வேண்டும், ஒவ்வொரு பிரதியிலும் பிழை விழ வாய்ப்பு உண்டு. 40, 50 வருடத்துப் பிழைகள் சேர்ந்தால் என்றாவது ஒரு செல் கட்டுமீறிப் போகிறது. அதனால்தான் சீக்கிரம் வயதுக்கு வருவதும் மாதவிலக்கு தாமதமாக நிற்பதும் ஆபத்தைக் கூட்டுகின்றன: ஒரு வருடம் முன்னால் பருவமடைந்தால் சுமார் 5 சதவீதம், ஒரு வருடம் தள்ளி நின்றால் சுமார் 3 சதவீதம். பிள்ளைக்குப் பால் கொடுத்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் 4 சதவீதத்துக்குச் சற்று மேல் குறைகிறது. இவையெல்லாம் இருக்கிற ஆபத்தில் ஏற்படும் கூட்டல் கழித்தல்தான். 5 சதவீதம் என்றால் நூறில் ஐந்து பேருக்குக் கூடுதலாக வரும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த வயது விஷயம் நம் ஊரில் தலைகீழாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கிறது. முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு பீடி சுற்றுகிற அம்மா வந்தார், வயது 58. இடது மார்பில் எலுமிச்சங்காய் அளவுக்குக் கட்டி. மடியில் சுளகை வைத்துக் குனிந்து சுற்றும்போது அதன் விளிம்பு மார்பில் தட்டும், அப்படித்தான் முதலில் தெரிந்ததாம். தெரிந்து 14 மாதம் ஆகியிருந்தது. ஏன் வரவில்லை என்றேன். “நோவு இல்லியே டாக்டரம்மா. அதுவுமில்லாம எனக்கு அது நின்னு எட்டு வருசமாச்சு. அதுக்கு மேல மாருல என்ன வரப்போவுதுன்னு நெனச்சேன்” என்றார். மாதவிலக்கோடு மார்பகத்தின் கதையும் முடிந்துவிட்டது என்று இந்த அம்மா நினைத்த மாதிரியே நினைக்கிறவர்கள் ஏராளம். உண்மையில் 50க்கு மேல்தான் அதிகம் பார்க்க வேண்டும். மும்பையில் 1998இல் தொடங்கி ஒன்றரை லட்சம் பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் கையால் மார்பகப் பரிசோதனை செய்தார்கள். 2021இல் முடிவு வந்தது: எல்லா வயதையும் சேர்த்துப் பார்த்தால் இறப்பு குறைந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 50 வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டும் எடுத்தால் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்திருந்தது.

“இந்தியாவில் சின்ன வயதிலேயே வருகிறது” என்று அடிக்கடி எழுதுகிறார்கள். நோய் கண்டறியப்படும் சராசரி வயது மேலை நாடுகளைவிட இங்கே பத்து வருடம் போலக் குறைவு என்பது சரி. அதற்குப் பெரிய காரணம் நம் மக்கள்தொகையே இளையது என்பதுதான். கல்யாணப் பந்தியில் நூறு பேரில் எண்பது பேர் இளவட்டம் என்றால் இலையில் பாயசத்தைக் கொட்டுகிறவர்களிலும் இளவட்டம்தான் அதிகம் இருப்பார்கள். அதற்காக இளவட்டத்துக்குக் கை நடுங்குகிறது என்று சொல்ல முடியுமா? 35 வயதுப் பெண்கள் ஒரு லட்சம் பேரை இங்கேயும் அமெரிக்காவிலும் எண்ணிப் பார்த்தால் நம் பக்கம்தான் குறைவாக வரும். ஆச்சிமார் ஆஸ்பத்திரிக்கு வராததும் சராசரியைக் கீழே இழுக்கிறது என்பது என் அனுமானம், அதை எண்ணால் நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

சரி, உங்கள் அம்மா. 63 வயதில், ஒரே பக்கத்தில், குடும்பத்தில் வேறு யாருக்கும் மார்பில் வராத நிலையில் வந்த நோய் பெரும்பாலும் வயதின் கணக்குதான். மார்பகப் புற்றுநோயில் ஒற்றை மரபணுக் கோளாறாகப் பரம்பரையில் இறங்குவது 5 முதல் 10 சதவீதம் மட்டுமே. நோய் வந்த பெண்களில் ஒன்பதுக்கு எட்டுப் பேருக்கு அம்மா, அக்கா தங்கை, மகள் யாருக்கும் அந்த நோய் இருந்ததில்லை. அம்மாவுக்கு வந்ததால் உங்கள் ஆபத்து மற்ற பெண்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும் என்பது பொதுவான கணக்கு. ஆனால் அது சராசரி. தாய்க்கு நோய் வந்த வயது குறையக் குறைய மடங்கு கூடும், 60க்கு மேல் வந்திருந்தால் இரண்டுக்கும் கீழே. 34 வயதில் இருக்கிற சிறிய எண்ணை இரண்டால் பெருக்கினாலும் சிறிய எண்தான் வரும். இடையில் ஒன்று: “அம்மா சாடை அப்படியே எனக்கு” என்று எழுதியிருக்கிறீர்கள். மூக்கும் முழியும் அம்மாவைப் போல இருப்பதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அப்பா சாடையில் இருக்கிற தங்கை தப்பித்துக்கொள்வாள் என்பதும் இல்லை.

இப்போது அத்தை. பி.ஆர்.சி.ஏ. 1, பி.ஆர்.சி.ஏ. 2 என்று இரண்டு மரபணுக்கள் உண்டு. முதலாவது 17ஆம் குரோமோசோமில், இரண்டாவது 13ஆம் குரோமோசோமில். டிஎன்ஏவின் இரண்டு இழையும் சேர்ந்து அறுந்தால் பிழையில்லாமல் சேர்த்து ஒட்டும் வேலை இவற்றுக்கு. மழைக்காலத்தில் குளத்துக் கரை அறுக்கிற இடத்தை ஓடிப்போய் அடைக்கிற காவல்காரரைப் போல. எல்லாருக்கும் இரண்டு காவல்காரர்கள், அம்மா வழி ஒருவர், அப்பா வழி ஒருவர். ஒருவர் பிறக்கும்போதே இல்லாமல் போனால் மற்றவர் சமாளிப்பார், குளமும் நிற்கும். ஆனால் அந்த ஒருவரும் எங்கோ ஒரு செல்லில் விழுந்துவிட்டால் அங்கே உடைப்பு நிச்சயம். மற்ற பெண்களுக்கு இரண்டு பேரும் விழ வேண்டும், அதற்குப் பல பத்தாண்டு ஆகும். இவர்களுக்கு ஒருவர் விழுந்தால் போதும். அதனால்தான் பரம்பரை நோய் முந்திக்கொண்டு வருகிறது. பி.ஆர்.சி.ஏ. 1இல் கெட்ட மாற்றம் உள்ள பெண்களில் 40 வயதுக்குள் சுமார் 24 சதவீதம், 50க்குள் 43 சதவீதம், 80க்குள் 72 சதவீதம் பேருக்கு மார்பகப் புற்றுநோய் வருகிறது. பி.ஆர்.சி.ஏ. 2இல் 80க்குள் 69 சதவீதம், ஆனால் கொஞ்சம் பிந்தித் தொடங்கும். இதே இரண்டும் சினைப்பைப் புற்றுநோயையும் கொண்டுவரும்: 80 வயதுக்குள் முறையே 44, 17 சதவீதம். சாதாரணமாக அது நூற்றுக்கு ஒருவர், கொஞ்சம் மேலே. 38 வயதில் ‘வயிற்றில் கட்டி’ என்றதும் என் காது ஏன் நிமிர்ந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

வயதை வைத்துத்தான் பி.ஆர்.சி.ஏ. 1 மரபணுவே பிடிபட்டது. 1990இல் மேரி கிளேர் கிங் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழு, மார்பகப் புற்றுநோய் பலருக்கு வந்த 23 குடும்பங்களை வைத்துத் தேடியது. எல்லாக் குடும்பத்தையும் ஒன்றாகக் கலந்து பார்த்தபோது தடயம் மங்கலாக இருந்தது. நோய் வந்த சராசரி வயதின்படி குடும்பங்களை வரிசையில் வைத்ததும், இளவயதில் வந்த குடும்பங்களில் 17ஆம் குரோமோசோம் பளிச்சென்று காட்டிக்கொடுத்தது. நான்கு வருடம் கழித்து மரபணுவே கைக்கு வந்தது. என்னிடம் வருகிறவர்களின் வம்ச வரிசையை வரையும்போது நானும் அதையே சிறிய அளவில் செய்கிறேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், பக்கத்தில் எந்த உறுப்பு, எத்தனை வயதில். எத்தனை பேருக்கு வந்தது என்பது மூன்றாவது கேள்விதான். மூன்று பெரியம்மாக்களுக்கு 70க்கு மேல் வந்திருப்பதைவிட ஒரே சித்திக்கு 33இல் வந்திருப்பது எனக்குக் கவலை.

அத்தை அப்பா வழி, அதனால் எனக்கு என்ன என்று நீங்கள் ஒதுக்கியிருக்கிறீர்கள். பலரும் செய்கிற தவறு இது, சில சமயம் டாக்டர்களும் அப்பா பக்கத்தைக் கேட்பதில்லை. இந்த மரபணுக்கள் ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் எக்ஸ், ஒய் குரோமோசோமில் இல்லை. ஆண் வழியாகவும் சமமாக இறங்கும். அத்தையிடம் அப்படி ஒரு மாற்றம் இருந்து, அது அவர்கள் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருந்தால், உங்கள் அப்பாவிடமும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்பாவிடம் இருந்தால் உங்களுக்கும் பாதிக்குப் பாதி. அப்பா 70 வயது வரை கல்லுப்போல இருக்கலாம், ஒன்றும் வெளியே தெரியாது. (ஆணுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும். பி.ஆர்.சி.ஏ. 2 மாற்றம் உள்ள ஆண்களில் ஆயுளில் நூற்றுக்கு ஆறேழு பேருக்கு வரும், புராஸ்டேட் ஆபத்தும் கூடும்.)

இனி சொந்தத்தில் கட்டிய விஷயம். அம்மாவைப் பழி சொல்ல உறவுக்காரர்களுக்குக் கிடைத்த காரணம் இது என்று உங்கள் எழுத்திலிருந்தே தெரிகிறது. உறவுத் திருமணத்தால் கூடுவது, இரண்டு பிரதியும் கெட்டால் மட்டுமே வரும் நோய்கள். மார்பகப் புற்றுநோய்க்கு ஒரு பிரதி கெட்டாலே போதும் என்பதால் யாரைக் கட்டினாலும் அது பாதிக்குப் பாதி இறங்கும். மாமன் மகளைக் கட்டியதால் புதிதாக எதுவும் முளைக்காது. இரண்டு பிரதியும் கெட்ட பி.ஆர்.சி.ஏ. 2 வேறு கதை: ஃபான்கோனி ரத்தசோகை என்ற கடுமையான நோயாகக் குழந்தைப் பருவத்திலேயே தெரிந்துவிடும். நீங்கள் 34 வயதில் ஆரோக்கியமாக இருக்கிறீர்கள், அந்தக் கவலை வேண்டாம். ஆனால் உங்கள் வீட்டில் ஒரு நெளிவு இருக்கிறது. உங்கள் அப்பாவைப் பெற்ற ஆச்சியும் அம்மாவைப் பெற்ற தாத்தாவும் கூடப் பிறந்தவர்கள். அந்த இருவரின் பெற்றோரிடம் ஒரு மாற்றம் இருந்திருந்தால், ஆச்சி வழியாக அத்தைக்கும் தாத்தா வழியாக அம்மாவுக்கும் வந்திருக்கலாம். வெளியில் கட்டியிருந்தால் அம்மா பக்கம், அப்பா பக்கம் என்று இரண்டு தனிக் கணக்கு எழுதுவேன். இங்கே இரண்டும் ஒரே கணக்காக இருக்கலாம். அப்போது 38இல் போன அத்தையும் 63இல் நோய் வந்த அம்மாவும் ஒரே கொடியின் இரண்டு காய். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். வயிற்றில் கட்டி என்பது கர்ப்பப்பைக் கட்டியாக இருந்திருக்கலாம், குடல் காசநோயாக இருந்திருக்கலாம், இரைப்பையாக இருந்திருக்கலாம். சினைப்பைப் புற்றுநோயிலும் எல்லா வகையும் இந்த மரபணுக்களைச் சேர்ந்ததில்லை.

ஆகவே சோதனை யாருக்கு? முதலில் உங்களுக்கு இல்லை. நோய் வந்து உயிரோடு இருக்கிறவரிடம் தொடங்குவதுதான் முறை, அதாவது அம்மா. நீங்கள் நேரே போய்ச் செய்து “ஒன்றும் இல்லை” என்று வந்தால், குடும்பத்தில் மாற்றம் இருந்து உங்களுக்கு இறங்கவில்லையா, குடும்பத்திலேயே இல்லையா என்று பிரிக்க முடியாது. அம்மாவின் பயாப்சி ரிப்போர்ட்டில் ஈஆர், பிஆர், ஹெர்2 என்று மூன்று வரி இருக்கும்; முதல் இரண்டும் கட்டியின் செல்லில் உள்ள ஹார்மோன் ஏற்பிகள், மூன்றாவது ஒரு புரதம். மூன்றும் நெகட்டிவ் என்றால் அத்தை கதை இல்லாமலேயே மரபணு ஆலோசகரைப் பார்க்கச் சொல்வேன், பி.ஆர்.சி.ஏ. 1 குடும்பங்களில் அந்த வகை அதிகம். ஈஆர் பாசிட்டிவ் என்றால், அத்தைக்கு வந்தது சினைப்பைப் புற்றுநோய்தான் என்று தெரிந்த பிறகு போனால் போதும். அம்மாவுக்கு இல்லை என்று வந்தாலும் அத்தை விஷயம் தீராது, அப்பாவுக்கும் பார்க்க வேண்டிவரும். கொஞ்சம் ரத்தமோ எச்சிலோ போதும், பல மரபணுக்களை ஒரே தடவையில் பார்க்கிறார்கள். ஆலோசனை இல்லாமல் ஆன்லைனில் கிட் வாங்கிச் செய்ய வேண்டாம். அடையாறு புற்றுநோய் நிலையத்திலும் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. என்ற புற்றுநோய் மையத்திலும் இதற்கு வழி கேட்கலாம், நம் பக்கத்து ஆட்கள் எப்படியும் அந்த இரண்டு ஊருக்கும் போய் வருகிறவர்கள்தானே.

சந்தேகமானவற்றையும் சொல்ல வேண்டும். நான் மேலே கொடுத்த 72, 69 எல்லாம் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளிக் குடும்பங்களில் எடுத்த எண்கள். மாற்றம் அதேதான் என்றாலும் நம் பெண்களுக்கு அப்படியே பொருந்துமா என்பது முடிவாகவில்லை. அடுத்தது, பொருள் தெரியாத மாற்றம் என்று ஒரு விடை வரும். மரபணுவில் ஓர் எழுத்து வித்தியாசமாக இருக்கிறது, கெட்டதா என்று சொல்லப் போதிய தரவு இல்லை என்று அர்த்தம். நம்மவர்களின் தரவு உலகத் தொகுப்புகளில் குறைவு என்பதால் இங்கே இந்த விடை அதிகம் வருகிறது. அதைக் கெட்டது என்று எடுத்துக்கொண்டு மார்பகத்தை எடுக்கப் போன ஒருவரை நான் தடுத்து அனுப்பியிருக்கிறேன். மூன்றாவது, ஒவ்வொன்றும் மிகச் சிறிய ஆபத்தைத் தரும் நூற்றுக்கணக்கான பொதுவான மாற்றங்களைக் கூட்டி மதிப்பெண் போடும் சோதனை. 2019இல் வந்த பிரபலமான ஒன்று 313 மாற்றங்களைக் கூட்டுகிறது. கருத்து நல்லது, ஒரே பி.ஆர்.சி.ஏ. மாற்றம் உள்ள இரண்டு சகோதரிகளில் ஒருத்திக்கு 35இலும் இன்னொருத்திக்கு 65இலும் வருவதற்கு இதிலும் ஒரு பங்கு விளக்கம் இருக்கிறது. ஆனால் இன்றைக்கு அந்த மதிப்பெண்ணை வைத்து உங்களுக்கு நான் ஒரு முடிவும் எடுக்க மாட்டேன்.

மகளுக்கு இப்போது எதுவும் வேண்டாம். 9 வயதில் மாற்றம் இருப்பது தெரிந்தாலும் செய்வதற்கு ஒன்றும் இல்லை. 18 வயதுக்குப் பிறகு அவளே முடிவு செய்யட்டும். உங்களுக்கு: மாற்றம் எதுவும் உறுதியாகாத வரை 34இல் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) தேவையில்லை, இந்த வயதில் மார்பகம் அடர்த்தியாக இருப்பதால் படமும் வெள்ளையாகத்தான் வரும். வருடம் ஒருமுறை கையால் பரிசோதனை, 40இலிருந்து மேமோகிராம். புதிதாகக் கட்டி, தோல் உள்வாங்கல், காம்பில் ரத்தக் கசிவு எது வந்தாலும், வலி இல்லாவிட்டாலும், அந்த வாரமே வாருங்கள். குடும்பத்தில் பி.ஆர்.சி.ஏ. மாற்றம் உறுதியாகி உங்களுக்கும் இருந்தால் மட்டும் கணக்கு மாறும்: வருடாவருடம் எம்.ஆர்.ஐ., கூடவே மேமோகிராம், பிள்ளைப்பேறு முடிந்திருந்தால் 35 முதல் 40 வயதுக்குள் சினைப்பையை எடுப்பது பற்றிய பேச்சு. பி.ஆர்.சி.ஏ. 2 என்றால் அதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம்.

இப்போதைக்கு வேலை ஒன்றுதான், அத்தைக்கு என்ன வந்தது என்று கண்டுபிடிப்பது. அப்பாவிடம் கேட்டால் “வயித்து நோவு” என்று முடித்துக்கொள்வார், ஆண்களின் ஞாபகம் இந்த விஷயத்தில் அவ்வளவுதான். கோயில் கொடைக்குச் சொந்தமெல்லாம் ஊருக்கு வருவார்களே, அப்போது மூத்த அத்தை யாராவது இருந்தால் அடுப்படியில் வைத்துத் தனியாகக் கேளுங்கள். எந்த ஆஸ்பத்திரி, ஆபரேஷன் நடந்ததா, வயிற்றில் கோத்த நீரை எடுத்தார்களா, கர்ப்பப்பையை எடுத்தார்களா. இறந்தவரின் சீட்டுகளை நம் ஊரில் யாரும் தூக்கிப்போடுவதில்லை, டிரங்குப் பெட்டியில் பட்டுச் சேலைக்கு அடியில் இருக்கும். டிஸ்சார்ஜ் சீட்டு ஒன்று கிடைத்தாலும் போதும், அம்மாவின் பயாப்சி ரிப்போர்ட்டோடு சேர்த்து எடுத்துக்கொண்டு போங்கள்.